சிங்கப்பூர் வானில் வளர்பிறை, தேய்பிறையை அடையாளம் காணும் முறை

வலப்பக்கம் ஒளிர்ந்தால் வளர்பிறை, இடப்பக்கம் ஒளிர்ந்தால் தேய்பிறை என்று பல நூல்களும் இணையப் பக்கங்களும் சொல்கின்றன. வடக்கே வெகுதூரத்தில் உள்ள நாடுகளுக்காக எழுதப்பட்ட இந்த விதி, நிலநடுக்கோட்டுக்கு 1.3 பாகை வடக்கே இருக்கும் சிங்கப்பூரில் கைகொடுக்காது. இங்கே நிலவு ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலாகவே கடந்து செல்வதால், வடக்கு நோக்கி அண்ணாந்தால் வலமாகத் தெரியும் பக்கம், தெற்கு நோக்கித் திரும்பியதும் இடமாகிவிடுகிறது. ஆகவே வலத்தையும் இடத்தையும் விட்டுவிட்டுத் திசையைப் பாருங்கள். வளர்பிறையில் ஒளிரும் பக்கம் மேற்கை நோக்கியிருக்கும். தேய்பிறையில் கிழக்கை நோக்கியிருக்கும்.

அமாவாசையன்று நிலவு சூரியனோடு எழுந்து சூரியனோடு மறைவதால் தேடிப் பயனில்லை. அதற்குப்பின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் மாலை 7.30 மணியளவில், மேற்குப் பக்கம் கட்டடங்கள் மறைக்காத ஓரிடத்தில் நில்லுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் உயர்மாடித் தாழ்வாரமே போதும். மூன்றாம் பிறை இங்கே இரு முனைகளும் மேல்நோக்க, தோணியைப் போலப் படுத்திருக்கும். சூரியன் சாய்வாக அல்லாமல் ஏறக்குறைய நேர்கீழாக இறங்கிவிடுவதால், பிறையின் அடிப்பக்கமே ஒளி பெறுகிறது. எஞ்சிய வட்டமும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தால், பூமியில் பட்டுத் திரும்பிய வெயில் நிலவின் மீது விழுவதைப் பார்க்கிறீர்கள் என்று பொருள்.

அடுத்தடுத்த நாள்களில் அதே இடத்தில், அதே நேரத்தில் கையை முழுவதும் நீட்டி, விரல்களை முட்டியாக மடக்கி அளந்து பாருங்கள். நீட்டிய கையின் முட்டி வானில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். நிலவு நாளொன்றுக்கு அதைவிடச் சற்றுக் கூடுதலாக, ஏறக்குறைய 12 பாகை, கிழக்கே நகர்ந்திருக்கும். சூரியனிடமிருந்து நிலவு 12 பாகை விலகும் காலமே பஞ்சாங்கத்தின் ஒரு திதி என்பதால், உங்கள் முட்டியைக் கொண்டே திதியை ஓரளவு கணித்துவிடலாம். விலகல் 90 பாகையாகி அரைநிலவு தோன்றுவது அஷ்டமியில். இந்திய நேரப்படி அச்சான பஞ்சாங்கமாக இருந்தால், திதி முடியும் நேரத்தோடு இரண்டரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

நம் கடிகாரம் சூரியனைவிட ஏறத்தாழ ஒரு மணி நேரம் முந்தி ஓடுவதையும் மறக்கலாகாது. அதனால் வளர்பிறை அரைநிலவு இங்கே பிற்பகல் 1 மணிவாக்கில் எழுந்து, இரவு 7 மணிக்கு உச்சியில் நின்று, நள்ளிரவு கடந்து 1 மணிக்கு மறையும். பகலில் எழும் இந்த நிலவு ஓர் அருமையான சோதனைக்கு உதவும். மாலை 4.30 மணியளவில் வெயில் படும் இடத்தில் சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, ஒரு மேசைப்பந்தை நிலவுக்குப் பக்கத்தில் தெரியுமாறு உயர்த்திப் பிடியுங்கள். நிலவில் எந்தப் பாதி ஒளிர்கிறதோ, அதே பாதிதான் பந்திலும் ஒளிரும். பந்தின் மீது எதன் நிழலும் விழவில்லை என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டினால், பிறை பூமியின் நிழலால் உண்டாகிறது என்ற தவறான எண்ணம் அங்கேயே தீர்ந்துவிடும். பூமியின் நிழல் விழுவது கிரகணத்தன்று மட்டுமே.

பௌர்ணமி நிலவு மாலை 7 மணியை ஒட்டி எழும். ஜூன், ஜூலை மாதங்களில் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையிலிருந்து அது கடலுக்கு மேல் எழுவதைப் பார்க்கலாம். தேதி தெரியாவிட்டால் பண்டிகைகளே வழிகாட்டும்: தைப்பூசமும் விசாக தினமும் பௌர்ணமியை ஒட்டி வருபவை, சீனப் புத்தாண்டும் தீபாவளியும் அமாவாசையை ஒட்டி வருபவை.

அதன்பின் நிலவு நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக எழுவதால், தேய்பிறையை இரவில் விழித்திருந்து பார்ப்பதைவிடக் காலையில் பார்ப்பது எளிது. பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் 6.30 மணிக்கு வானம் இன்னும் இருட்டாகவே இருக்கும். தேய்பிறை அஷ்டமியன்று அரைநிலவு அப்போது உச்சிக்கு அருகே நிற்கும்.

தொலைநோக்கி வைத்திருப்போர் பௌர்ணமிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்று வெயில் நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இராது. அரைநிலவு நாள்களில், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரமாகப் பார்த்தால் பள்ளங்களின் விளிம்புகள் கூர்மையாகத் தெரியும். கைப்பேசியில் படமெடுப்போர் நிலவின் மீது விரலை வைத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால், வெறும் வெள்ளைப் பொட்டுக்குப் பதிலாக அதன் கருந்திட்டுகளும் படத்தில் பதியும்.