காலை வெளிச்சத்தில் நடந்து மனச்சோர்விலிருந்து மீண்டேன்

ஏழெட்டு மாதமாக எதிலுமே ஒட்டாத மனசோடு இருந்தேன். அழுகையெல்லாம் இல்லை, ஆனால் பிடித்த பாட்டைக் கேட்டால்கூட ஒன்றும் தோன்றாது, சாயங்காலமானால் காரணமே இல்லாமல் நெஞ்சில் ஒரு பாரம் வந்து உட்காரும். மருத்துவரைப் பார்த்தேன். தைராய்டு கோளாறோ ரத்தச்சோகையோ இல்லை என்று தெரிந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் நீங்களும் தயவுசெய்து பாருங்கள்.

மனசு சரியானதும் வெளியே போகலாம் என்று காத்திருந்ததுதான் நான் செய்த தப்பு. முதலில் செயலைத் தொடங்கினால் உற்சாகம் பின்னால் வரும், மனச்சோர்வு சிகிச்சையிலேயே இதை ஒரு முறையாக வைத்திருக்கிறார்கள்.

சரி என்று, எழுந்த கையோடு தினமும் அரை மணி நேரம் வெளியே நடந்தேன். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; வீட்டு விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான், மேகமூட்டமான நாளிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். அந்த வெளிச்சத்தின் அளவை மூளையின் கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே விழித்திரையில் தனி செல்கள் இருக்கின்றன, காலையிலேயே அவை தூண்டப்பட்டால் இரவில் மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் நேரத்தோடு சுரந்து தூக்கம் வருகிறது. (அதற்காகச் சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது.) எனக்கு முதலில் திரும்பியது தூக்கம்தான், பத்தே நாளில். மனசுக்கு இன்னும் மூன்று வாரம் பிடித்தது.

அப்புறம், மூச்சு வாங்க நடந்த நாட்களில் சாயங்காலப் பாரம் நன்றாகவே குறைந்தது. அதற்குக் காரணம் உடம்பே சுரக்கும் வலிநிவாரணியான எண்டார்ஃபின் என்பார்கள், ஆனால் ரத்தத்தில் இருக்கும் எண்டார்ஃபின் மூளைக்குள் எளிதில் நுழையாது, கஞ்சாவில் உள்ளவை போலச் செயல்படும், உடம்பே தயாரிக்கும் எண்டோகன்னாபினாய்டுகள் என்ற பொருட்களுக்கு இதில் பங்கு இருப்பதாக இப்போது கருதுகிறார்கள்.

நேற்று அந்தப் பழைய பாட்டை இரண்டு தடவை கேட்டேன்.