ஹேண்ட்ஷேக்கை அம்புக்குறியில் எழுதுவது எப்படி

எல்லாப் பகுதிகளையும் ஒரே தாளத்தில் ஓட்டும் க்ளாக் இல்லாத சர்க்யூட்டில் இரண்டு பகுதிகள் பேசிக்கொள்ள ஹேண்ட்ஷேக்தான் வழி. ஒரு பக்கம் கேட்கும், மறுபக்கம் வாங்கிக்கொண்டேன் என்று சொல்லும், கேட்ட பக்கம் கையை இறக்கும், பிறகு மறுபக்கமும் இறக்கும். இதுதான் நான்கு கட்ட ஹேண்ட்ஷேக். இதை வேவ்ஃபார்மாக, அதாவது நேரத்தோடு ஏறி இறங்கும் கோடுகளாக, வரைந்து வைத்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள், ஆனால் அதில் எது முன்னால் நடந்தது என்பதுதான் தெரியும்; எது எதற்காகக் காத்திருக்கிறது, எது தற்செயலாக முன்னால் வந்துவிட்டது என்று பிரித்துப் பார்க்க முடியாது. நமக்கு வேண்டியதோ அந்தக் காத்திருப்புதான்.

அதற்காக வந்த குறியீடுதான் சிக்னல் ட்ரான்சிஷன் கிராஃப், சுருக்கமாக எஸ்டிஜி. 1985ல் ரோசன்ப்ளமும் யாகோவ்லெவும் ஒரு பக்கம், 1987ல் எம்ஐடி ஆய்வேட்டில் டாம் ஆன் சூ இன்னொரு பக்கம் என்று தனித்தனியாகக் கொண்டுவந்தார்கள். அடியில் இருப்பது பெட்ரி நெட், அதாவது எது நடந்தபின் எது நடக்கலாம் என்பதை அம்புகளாலும் டோக்கன்களாலும் காட்டும் வரைபட முறை.

எழுதும் முறை எளிது. சிக்னல் 0லிருந்து 1க்குப் போனால் பெயருக்குப் பின்னால் +, 1லிருந்து 0க்கு வந்தால் -. ஒன்று நடந்த பிறகுதான் மற்றொன்று நடக்கலாம் என்றால் நடுவில் ஓர் அம்பு. கேட்பு சிக்னலைக் கே என்றும் ஏற்பு சிக்னலை ஏ என்றும் வைத்துக்கொள்வோம்:

கே+ → ஏ+ → கே- → ஏ- → கே+

வட்டமாகிவிட்டது. எங்கிருந்து தொடங்குவது என்று காட்ட ஓர் அம்பின் மேல் டோக்கன், அதாவது ஓர் அடையாளப் புள்ளி, வைக்க வேண்டும். எல்லாமே 0 ஆக இருக்கும்போது தொடங்குகிறோம் என்றால் ஏ- → கே+ என்ற கடைசி அம்பில் அது உட்காரும். ஒரு நிகழ்வுக்குள் வரும் எல்லா அம்பிலும் டோக்கன் இருந்தால் அது நடக்கும்; நடந்ததும் அந்த டோக்கன்கள் போய், வெளியே செல்லும் ஒவ்வொரு அம்பிலும் ஒன்று வந்துவிடும். தாளில் பெரிதாக வரைந்து புளியங்கொட்டையை வைத்து நகர்த்திப் பாருங்கள், விளையாட்டாகச் சொல்லவில்லை, இதைவிட வேகமாகத் தவறு பிடிபடும் வழி எனக்குத் தெரியாது. ஒரு வட்டத்தில் டோக்கனே இல்லையென்றால் சர்க்யூட் அங்கேயே நின்றுவிடும். ஒரே அம்பில் இரண்டு சேர்ந்தால் படம் தவறு.

சரி, இப்போது உண்மையான ஒன்று. பைப்லைனில், அதாவது தரவு படிப்படியாக நகரும் தொடரில், ஒரு படியின் கட்டுப்பாட்டு சர்க்யூட்டை எடுப்போம். இடப்பக்கத்திலிருந்து கே1 உள்ளே வருகிறது, வலப்பக்கத்திலிருந்து ஏ2 உள்ளே வருகிறது, நம்முடைய வெளியீடு ம. இதே ம தான் இடப்பக்கத்துக்கு ஏற்பு, வலப்பக்கத்துக்குக் கேட்பு.

கே1+ → ம+ → கே1- → ம- → கே1+
ஏ2- → ம+ → ஏ2+ → ம- → ஏ2-

டோக்கன்கள் ம- → கே1+, ஏ2- → ம+ ஆகிய இரண்டில். படத்தை அப்படியே வாசியுங்கள்: கே1 ஏறியிருந்து ஏ2 இறங்கியிருந்தால் ம ஏறும், கே1 இறங்கி ஏ2 ஏறியிருந்தால் ம இறங்கும், வேறு எப்படி இருந்தாலும் பழைய மதிப்பையே பிடித்துக்கொள்ளும். உள்ளீடுகள் எல்லாம் ஒன்றாகும்போது மட்டும் மாறும் கேட்டுக்கு முல்லர் சி-எலிமெண்ட் என்று பெயர்; அதன் ஓர் உள்ளீட்டில் 0, 1 ஐ மாற்றும் இன்வெர்ட்டர் வைத்தால் இதுதான். மூன்று சிக்னலின் 0, 1 சேர்க்கைகளை நிலைகள் என்போம்; மொத்தம் 8 நிலைகள், அந்த எட்டும் இந்தப் படத்தில் சரியாக ஒவ்வொரு முறைதான் வருகின்றன.

எட்டு அம்புகளில் கே1+ க்குள் நுழைவது எது என்று கவனித்தீர்களா? ம- மட்டும்தான். புதிதாக எழுதுகிறவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான், நானும் நிறைய நாள் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் முடிந்த பிறகு அடுத்த கேட்பு வரட்டும் என்று ஏ2- → கே1+ என ஓர் அம்பு போட்டுவிடுவோம், படமும் அழகாக இருக்கும். ஆனால் கே1 நம் கையில் இல்லை. இடப்பக்கத்துக்காரருக்கு ஏ2 என்று ஒரு கம்பி இருப்பதே தெரியாது, அவர் எதற்காகக் காத்திருப்பார்? காத்திருக்க வேண்டியது நாம். அதனால் அம்பை நம் வெளியீட்டுக்குள் திருப்புங்கள். உள்ளீட்டுக்குள் போகும் அம்பு, அந்தப் பக்கத்துக்காரருக்கு நேரடியாகத் தெரியும் சிக்னலிலிருந்து மட்டுமே புறப்படலாம்.

அப்புறம் நிலைக் குழப்பம், அதாவது ஒரே நிலை இரண்டு இடத்தில் வந்து வெவ்வேறு வேலை கேட்பது. ம ஒன்றையே இரண்டு பக்கத்துக்கும் பயன்படுத்தாமல் ஏ1, கே2 என்று பிரித்து, இடப்பக்க ஹேண்ட்ஷேக் முழுவதும் முடிந்த பின் வலப்பக்கம் தொடங்கட்டும் என்று எழுதிப் பாருங்கள்:

கே1+ → ஏ1+ → கே1- → ஏ1- → கே2+ → ஏ2+ → கே2- → ஏ2-

இந்த ஏ2- சுற்றிவந்து அடுத்த ஏ1+ க்குள் நுழையும், கே1+ க்குள் ஏ1- மட்டும். தொடக்கத்தில் நான்கும் 0. ஏ1- முடிந்ததும் மறுபடி நான்கும் 0. முதல் இடத்தில் சும்மா இருக்க வேண்டும், இரண்டாவது இடத்தில் கே2 ஐ ஏற்ற வேண்டும், சர்க்யூட்டுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? தெரியாது. அதற்காக நி என்று உள்ளே ஒரு நினைவுச் சிக்னல் சேர்க்கிறோம்: ஏ1+ க்குப் பின் நி+, ஏ2+ க்குப் பின் நி-. ஏ1- இப்போது கே1- க்கும் நி+ க்கும் காத்திருக்கும், கே2- நி- க்குக் காத்திருக்கும். நி+ ஐ ஏ1+ க்கு முன்னால் வைத்தால் என்ன என்று கேட்கலாம். ஏ1- ஆனவுடனே இடப்பக்கம் கே1 ஐ மறுபடி ஏற்றிவிட்டால், கே1, நி இரண்டும் 1, மற்றவை 0 என்ற அதே நிலை இரண்டு இடத்தில் வந்து பழைய குழப்பம் திரும்பிவிடும்.

கையால் இவ்வளவும் செய்த பிறகு வொர்க்கிராஃப்ட் என்ற மென்பொருளில் படத்தை வரைந்து சரிபார்க்கலாம், பெட்ரிஃபை என்ற இன்னொரு மென்பொருளில் கொடுத்தால் லாஜிக் சமன்பாடுகளே கிடைக்கும். நி போன்ற சிக்னலைப் பெட்ரிஃபை தானாகவும் சேர்க்கும், அது எங்கே சேர்த்தது என்று உங்கள் தாளோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.