வீட்டில் பெரிய வருத்தம், ஞாயிற்றுக்கிழமை மேட்ச்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் 11 வருடமாக ஒரு விளையாட்டுக் கழகத்தை இழுத்துக்கொண்டிருக்கிறேன். முன்பெல்லாம் செயலாளர் நான், பொடியன்களுக்குக் கோச்சும் நான், ஆள் வராத நாளில் விசில் ஊதுவதும் நான், மழை பிடித்தால் வலையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு ஓடி வருவதும் நான்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு மனைவிக்கு மார்பில் கட்டி, புற்றுநோய் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு கழகத்தையும் வீட்டையும் எப்படிச் சமாளித்தேன், எங்கே சறுக்கினேன் என்பதை இதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். வைத்திய ஆலோசனைக்கு உங்கள் கிளினிக் இருக்கிறது. இது மற்ற விஷயங்களுக்கு.

முதல் வாரத்தில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். ராஜினாமாக் கடிதமும் வேண்டாம், ‘எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்ற வீரப்பேச்சும் வேண்டாம். 80 பக்கக் கொப்பி ஒன்றை எடுத்து, கழகத்துக்காக ஒரு மாதத்தில் நடக்கும் வேலைகளை ஒன்று விடாமல் எழுதுங்கள், சின்னதாக இருந்தாலும் சரி. அப்புறம் ஒவ்வொன்றுக்கும் எதிரே அதை உண்மையில் யார் செய்கிறார் என்று எழுதுங்கள். ‘உண்மையில்’ என்ற சொல் முக்கியம்.

நான் எழுதியபோது தலை குனிந்துவிட்டது. மேட்ச் முடிந்ததும் சேறு பிடித்த 15 ஜேர்சியும் எங்கள் வீட்டுக்குத்தான் வரும், பீலித் தண்ணீரில் நின்று துவைத்தது அவள். வெளித்தோட்டத்து டீம் வந்தால் தேத்தண்ணி அவள். ‘அண்ணன் இருக்கிறாரா’ என்று வருகிற போனுக்கெல்லாம் பதில் அவள். இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், கிடக்கும் பந்து மூட்டையைத் தாண்டித் தாண்டி வீடு கூட்டியதும் அவள்தான். இவ்வளவும் காலையில் மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்துவிட்டு வந்த பிறகு. என் சமூக சேவை என்று நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டதில் பாதி அவளுடைய கையால் நடந்தது, மாலை மட்டும் எனக்குப் போட்டார்கள்.

ஆகவே மற்றவரிடம் ஒப்படைக்க வேண்டிய முதல் வேலை உங்களுடையது அல்ல, நோயாளியுடையது. இதைத்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள், தங்கள் பதவியை விட்டுக்கொடுத்துவிட்டு ஜேர்சி மூட்டையை மட்டும் வழக்கம்போல வீட்டுக்குக் கொண்டுவந்து போடுகிறார்கள். எங்கள் கழகத்தில் அன்றிலிருந்து அவரவர் ஜேர்சியை அவரவர் துவைப்பது என்று ஆக்கினோம். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள், ஒருவன் துவைக்காமலே மூன்று வாரம் போட்டுக்கொண்டு வந்தான், பக்கத்தில் நிற்க முடியாமல் டீம்காரர்களே அவனைத் திருத்தினார்கள். தேத்தண்ணியை லயம் (வரிசை வீடுகள்) வாரியாகப் பிரித்தோம். பந்து, வலை, முதலுதவிப் பெட்டி எல்லாம் கோயில் அறைக்குப் போனது.

அடுத்தது சுவரில் தொங்கும் கலண்டர். கீமோவில் பல மருந்துகளை 21 நாளுக்கு ஒரு தடவை ஏற்றுவார்கள், உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம், கிளினிக் கொப்பியைப் பாருங்கள். முதல் சில நாட்கள் வாந்தியும் களைப்பும். ஏறத்தாழ 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை வெள்ளையணுக்கள் குறைந்து கிடக்கும், தொற்றுப் பயம் அப்போதுதான் அதிகம். மூன்றாவது வாரம் கொஞ்சம் தெளிவு. நான் புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு எல்லா மேட்சையும் மூன்றாவது வாரத்துக்குத் தள்ளினேன். இரண்டு சுற்று முடிந்ததும் அவள் கேட்டாள்: “நான் எழும்பி நடக்கிற நாளெல்லாம் பந்துக்கு, நான் படுத்துக் கிடக்கிற நாள் மட்டும் எனக்கா?” பதில் சொல்ல ஏலவில்லை. அந்த வாரத்தில் அவளுக்குப் பண்டாரவளையில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும், ஒன்றுமில்லாவிட்டால் வெயிலில் உட்கார்ந்து சும்மா பேச வேண்டும். கலண்டரில் நல்ல நாட்களை முதலில் நோயாளியையே குறிக்கச் சொல்லுங்கள். மிச்சம் இருப்பதுதான் கழகத்துக்கு.

கதிர்ச் சிகிச்சை என்றால் கணக்கே வேறு. வாரத்தில் 5 நாள், வாரக்கணக்காக நடக்கும். ஹட்டனிலிருந்து தினமும் கண்டிக்கோ மஹரகமவுக்கோ போய்வர முடியாது, அங்கேயே தங்க வேண்டி வரும். அந்தக் காலத்தில் கழகத்திலிருந்து முழுதாக விலகி நில்லுங்கள், போனில்கூட வேண்டாம். சிறுநீரக வருத்தம் என்றால் டயாலிசிஸ் வாரத்துக்கு 2, 3 தடவை, ஒவ்வொரு தடவையும் 4 மணித்தியாலம் அளவில், லீவு என்று ஒன்று கிடையாது. அதற்கேற்ப வார நாட்களை நிரந்தரமாகப் பிரித்துக்கொள்வதே வழி.

தொற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் காம்பரா, அதாவது லயத்து வீடு, சின்னது. 20 பொடியன்களோடு நின்று, அதில் நாலு பேர் இருமி, அந்தக் கையோடு வந்து நோயாளியின் கஞ்சிக் கோப்பையைத் தொடாதீர்கள். வெளியிலேயே குளித்து உடுப்பு மாற்றிவிட்டு உள்ளே போங்கள், குளிர்தான், வேறு வழியில்லை. உங்களுக்கே தடிமன் என்றால் முகக்கவசம். வீட்டில் ஒரு தேர்மோமீற்றர் கட்டாயம் வேண்டும். 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ காட்டினால், பெனடோலைக் கொடுத்துப் படுக்கவைத்து விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அது காய்ச்சலை மறைத்துவிடும். ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும், வாசலிலேயே ‘கீமோ ஏற்றுகிறவர்’ என்று சொல்ல வேண்டும். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் நம் லயங்கள் பலவற்றுக்கு வண்டி ஏறாது, ஆளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வர நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரின் பெயரை முன்கூட்டியே எழுதி வையுங்கள். டீம் இருப்பதன் பெரிய பயன் எனக்கு இதில்தான் தெரிந்தது, இரவு 1 மணிக்குக் கதவைத் தட்டினால் முகம் சுளிக்காமல் எழும்புகிறவன் கோல் கீப்பர்தான்.

வேலையை ஒப்படைத்தால் முழுதாக ஒப்படைக்க வேண்டும். கணக்குக் கொப்பி, கோயில் அறைச் சாவி, பிரதேச செயலகத்து விளையாட்டு உத்தியோகத்தரோடு பேசும் பொறுப்பு எல்லாம் சேர்த்து. நான் கோச் வேலையைத் தம்பி ஒருவரிடம் கொடுத்துவிட்டு, கிளினிக் வரிசையில் நின்றபடி யார் பின்வரிசை, யார் கோல் என்று போனில் கத்திக்கொண்டிருந்தேன். மனைவி போனை வாங்கினாள். “தம்பி, அண்ணன் இங்க ஸ்கேன் எடுக்கிற எடத்துல நிக்கிறாரு, நீங்களே பாத்துக்குங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்று 3–0 என்று தோற்றோம். மறு ஞாயிறு மறுபடியும் ஆட வந்தார்கள், உலகம் நின்றுவிடவில்லை.

ஊருக்கு என்ன சொல்வது என்பதை நோயாளியிடமே கேளுங்கள். உடம்பு அவருடையது, உங்களுடையது அல்ல. சிலருக்கு நோயின் பெயரைச் சொல்லலாம், சிலருக்குப் ‘பெரிய வருத்தம், மருந்து எடுக்கிறாள்’ என்பதற்கு மேல் பிடிக்காது. ஒரே ஒரு வாக்கியத்தை இரண்டு பேரும் பேசி முடிவு செய்து, அதையே எல்லோருக்கும் சொல்லுங்கள். சொல்லாமல் இருந்தால் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் வேறு கதை கட்டிவிடுவார்கள். எங்கள் மகளும் டீமில் ஆடுகிறாள், அவளுக்கு உண்மையைச் சொன்ன பிறகே மற்றவர்களுக்குச் சொன்னோம், வகுப்பு டீச்சருக்கும் சொன்னோம். சொன்ன மறுநாள் டீம்காரர்கள் 14 பேரும் நெஸ்டமோல்ட், தோடம்பழத்தோடு ஒரே நேரத்தில் எங்கள் காம்பராவுக்குள் வந்து நின்றார்கள், மூச்சுவிட இடமில்லை, அதுவும் அவளுக்குக் கீமோ ஏற்றிய 9ஆவது நாளில். அன்பில் குறையில்லை. ஆனாலும் இரண்டு பேருக்கு மேல் வர வேண்டாம், தடிமன்காரர் வரவே வேண்டாம் என்று முதலிலேயே கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள்.

‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்று வருகிறவர்களிடம் உடனே ஒரு வேலையைச் சொல்லிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை விறகு. வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்க டவுன் வரை ஓட்டோ. வேலை தெரிந்தால் ஆட்கள் செய்வார்கள், தெரியாவிட்டால் தோடம்பழம்தான் வரும். ரத்தம் கொடுக்கிறோம் என்று பொடியன்கள் துடிப்பார்கள். இலங்கையில் ரத்ததானம் முழுக்கத் தன்னார்வமாக நடப்பது, உங்கள் நோயாளிக்கென்று ஆள் பிடிக்கத் தேவையில்லை. 18 வயதுக்கு மேல், 50 கிலோவுக்குக் குறையாமல் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு ரத்ததான முகாம் நடக்கும் இடத்துக்குப் போகலாம். ஒரு தடவை கொடுத்தால் 4 மாதம் இடைவெளி வேண்டும், பெரிய மேட்சுக்கு முதல் நாள் மட்டும் போகாதீர்கள்.

காசு விஷயத்தில் கறாராக இருங்கள். கழகப் பணத்திலிருந்து ஒரு ரூபாகூடக் கைமாற்றாக எடுக்காதீர்கள், வாய் திறந்து யாரும் கேட்க மாட்டார்கள், அதுதான் ஆபத்து. உங்களுக்காகப் போட்டி நடத்திப் பணம் சேர்க்கிறோம் என்றால் முதலில் நோயாளியின் சம்மதம், அப்புறம் உங்களுக்குச் சொந்தமில்லாத இரண்டு பேர் கையில் கணக்கு. அதற்கு முன்பு உரிமையாக வரக்கூடியதைக் கேளுங்கள். 10 வருடத்துக்கு மேல் ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டி, கணக்கில் குறைந்தது 3 இலட்சம் ரூபா இருந்தால், கடும் நோய்ச் சிகிச்சைக்கு 30 சதவீதம் வரை எடுக்க விண்ணப்பிக்கலாம். ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு இப்போது பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

சரி, எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் உங்களுக்கு என்ன மிச்சம்? வாரத்தில் ஒரு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். நான் புதன்கிழமை மாலை சின்னப் பிள்ளைகளின் பயிற்சியை வைத்துக்கொண்டேன், அவளே சொன்னதுதான், “மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு எதிர்ல உக்காராதீங்க, போயிட்டு வாங்க.” ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பயிற்சி முடிந்து பிள்ளைகள் போன பிறகும், ஏற்கெனவே சுருட்டிய வலையை அவிழ்த்து மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தால் நீங்கள் விளையாட்டுக்காக அங்கே நிற்கவில்லை, வீட்டுக்குப் போகப் பயந்து நிற்கிறீர்கள். எனக்கு ஒரு மாதம் அப்படித்தான் போனது. மனது அப்படிக் கனத்தால் 1926க்கு அடிக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம்.

சித்திரையில்தான் எல்லாம் ஒன்றாக வந்து மோதும். மலையில் கொழுந்து கூடுகிற காலம், புது வருடப் போட்டிகள், அந்த வருடம் அவளுடைய 5ஆவது கீமோவும் அதே வாரம். ஃபைனல் அன்று நான் கண்டியில் இருந்தேன். நாவலப்பிட்டியைத் தாண்டி பஸ் திரும்பி வரும்போது வெற்றிப் படம் வாட்ஸ்அப்பில் வந்தது, எல்லாருடைய ஜேர்சியும் வெள்ளை வெளேர் என்று இருந்தது. அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “7ஆம் நம்பர் காரன் மட்டும் சோப்பு போடல” என்றாள்.

இப்போது அவள் மருந்தெல்லாம் முடிந்து செக்கப்புக்கு மட்டும் போய்வருகிறாள். கழகத்தில் நான் பொருளாளருக்கு உதவியாளர். கோயில் அறைச் சாவி என்னிடம் இல்லை. கேட்டால் தருவார்கள், கொப்பியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு.