பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பலர் மார்க் குறைந்து வாய்ப்பை இழப்பதில்லை, விவரம் தெரியாமல்தான் இழக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது மனசு ஆறுவதில்லை.

பெரிய தவறு பத்தாம் வகுப்பு முடிந்ததுமே நடக்கிறது. பிள்ளை நல்ல மார்க் எடுத்தால், கடன் வாங்கியாவது தனியார் ஹாஸ்டல் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்துவிடுகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டும். கடைசி இரண்டு வருஷம் பள்ளி மாறினால் இது போய்விடும். கல்லூரியில் படிக்கும்போது பெண் பிள்ளைகளுக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் மாதம் 1,000 ரூபாய் வரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் கைவிட்டுப் போகும். மாற்றும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

என்ன படிக்கலாம், எங்கே சேரலாம் என்று சொல்லித்தரும் அரசின் நான் முதல்வன் வழிகாட்டி வகுப்பும் கல்லூரிக் கனவு நிகழ்ச்சியும் முதல் ரேங்க் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுங்க வேண்டாம். முடிந்தால் அப்பா அம்மாவும் போய்க் கேட்க வேண்டும். பெண் பிள்ளையை மேலே படிக்க வைப்பதா, கல்யாணம் பண்ணுவதா என்று முடிவெடுப்பவர்கள் அவர்கள்தானே.

அடுத்தது சான்றிதழ். சாதி, வருமானம், முதல் பட்டதாரி எல்லாவற்றுக்கும் ரிசல்ட் வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால், விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று ஒவ்வொரு இடத்திலும் கூட்டம். அரையாண்டு விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள். ஆதாரில் ஒரு ஸ்பெல்லிங், மார்க் ஷீட்டில் இன்னொன்று, பேங்க் பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை என்று இருந்தால் உதவித்தொகை வருவது சிக்கல். பள்ளியில் பொதுத்தேர்வு எழுதுபவர்களின் பெயர்ப் பட்டியல் (நாமினல் ரோல்) தயாராகும்போதே பெயரையும் இனிஷியலையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்க்க வேண்டும்.

வீடு தேடி வந்து சீட் வாங்கித் தருவதாகச் சொல்பவர்களிடம் ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டிசியையும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். திரும்ப வாங்குவது பெரும்பாடு. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கவுன்சலிங் சீட்டுக்குத்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குக் கிடையாது.

பொறியியல் கவுன்சலிங்கில் நாலைந்து கல்லூரி மட்டும் போட்டு நிறுத்துவதும், பிரவுசிங் சென்டர்காரரையே சாய்ஸ் போடச் சொல்வதும் தப்பு. கட் ஆஃப் மொத்தம் 200. கணிதத்துக்கு 100, இயற்பியல், வேதியியலுக்கு 50, 50. போன வருஷக் கட் ஆஃபைப் பார்த்து, சேர விரும்பும் வரிசையிலேயே தாராளமாகப் போடுங்கள். பர்கூர், செட்டிக்கரை அரசுக் கல்லூரிகளை விட்டுவிட வேண்டாம்.

எதிலும் சேராமல் ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போனவர்களுக்கும் வழி இருக்கிறது. ரிசல்ட்டுக்குப் பிறகு மாவட்டத்தில் நடக்கும் 'உயர்வுக்குப் படி' முகாமுக்கு மார்க் ஷீட், டிசி, ஆதாரோடு போனால், இடம் காலியிருக்கும் கல்லூரிகளில் அங்கேயே சேர ஏற்பாடு செய்கிறார்கள். தேதியைப் படித்த பள்ளியிலேயே கேட்கலாம்.