வோபெக்ஸ் பென்சில் வாங்கிட்டீங்களா, மொதல்ல ஷார்ப்னர மாத்துங்க

ஸ்டெட்லர் கம்பெனியோட வோபெக்ஸ், பாக்க சாதா பென்சில் மாதிரிதான் இருக்கும், ஆனா கையில எடுத்ததும் வெயிட்டு தெரியும். மரப் பென்சில்னா நீளமா பள்ளம் வெட்டின ரெண்டு பலகைக்கு நடுவுல லெட்ட வச்சு ஒட்டுவாங்க. இது அப்படி இல்ல, மரத்தூளோட பிளாஸ்டிக் கலந்து (மரம் சுமார் 70 சதவீதம்) சூடாக்கி, உள்ள லெட்டு, அத சுத்தி உடம்பு, அதுக்கு மேல பூச்சுன்னு மூணையும் ஒரே நேரத்துல முறுக்கு புழியற மாதிரி புழிஞ்சு எடுக்குறது.

அதனால சீவுறதுதான் மொத சோதனை. டப்பாவுல வருஷக்கணக்கா கெடந்த பழைய ஷார்ப்னர்ல விட்டு நான் திருகின திருகுல மணிக்கட்டுதான் வலிச்சுது, பென்சில் அசையல. புது பிளேடு உள்ள மெட்டல் ஷார்ப்னர் எடுங்க, அமுக்காம மெதுவா சுத்துங்க. சீவல் பூ மாதிரி விரியாது, அதப் பால்ல ஊற வச்சா ரப்பர் ஆகும்னு சின்ன வயசுல நம்பினோமே, அந்த ஆசையெல்லாம் இதுல வேணாம். ஒரு தடவ நல்லா சீவிட்டா போதும், கூர் சீக்கிரம் மழுங்காது, பக்கம் பக்கமா எழுதலாம்.

சரி எழுதும்போது என்னன்னா, கறுப்பு கம்மி. சாதா லெட்டு கிராஃபைட்டும் களிமண்ணும் சேத்து சுட்டது, 1795ல பிரான்ஸ்ல கோந்தேங்கறவர் காப்புரிமை வாங்கின வழி, இதுல சுடுற வேலையே இல்ல, கிராஃபைட்ட புடிச்சு வச்சிருக்கறது பிளாஸ்டிக்தான். அதான் எச்.பி.யே கொஞ்சம் மெழுகு தடவின மாதிரி வழுக்கிட்டு வெளிறிப்போய் விழும். கறுப்பு வரலையேன்னு அழுத்தாதீங்க, விரல் வலிக்கும், அடுத்த பக்கத்துல தடம் விழும், அவ்ளோதான். எச்.பி.ய விட கறுப்பா எழுதுற 2பி வாங்கிக்கோங்க. வழவழ பேப்பர விட லேசா சொரசொரப்பான நோட்டுல நல்லா பிடிக்குது.

இடதுகைக்காரங்களுக்கு இது வரம்னே சொல்வேன், எழுதினது மேல கை தேச்சாலும் அவ்வளவா ஈஷாது. ஆனா அதே குணத்தால படம் வரையறவங்களுக்கு ஆகாது, விரலால தேச்சு ஷேடிங் பண்ணப் பாத்தா கலங்கவே கலங்காது, அதுக்கு மரப் பென்சிலே வச்சுக்கங்க. அழிக்கணும்னா பென்சில் பின்னாடி இருக்குற குட்டி ரப்பர நம்பாம தனியா நல்ல வெள்ள ரப்பர் வச்சுக்கோங்க.

கீழ போட்டா? மரப் பென்சில்ல உள்ளயே லெட்டு துண்டு துண்டா போயி சீவ சீவ கொட்டுமே, அந்தத் தொல்ல இதுல கம்மி, லெட்டும் உடம்பும் ஒண்ணா ஒட்டிப் பொறந்தது. எலக்ட்ரிக் ஷார்ப்னர்ல மட்டும் யோசிச்சு விடுங்க, சின்ன மோட்டார்னா திணறும்.