கார் நிகழ்ச்சியில் வந்த ராணுவ விமானம் எது? காட்சியை வைத்தே கண்டுபிடிக்கும் முறை

கார் நிகழ்ச்சியில் ராணுவ சரக்கு விமானம் தலைகாட்டினால் பெரும்பாலும் மூன்றில் ஒரு வேலைக்குத்தான்: பின்பக்க ரேம்ப் (சாய்வாக இறங்கும் பலகை) வழியாகக் காரை ஏற்ற, ஓடுபாதையில் காரோடு போட்டிபோட, தொகுப்பாளர்களை வேறு நாட்டில் இறக்க. எந்த ரகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டப்பிங்கில் எல்லாமே 'பிரம்மாண்டமான ராணுவ விமானம்'தான். திரையில் தெரிவதை மட்டும் வைத்துப் பெயரைப் பிடிக்கும் வழி கீழே.

1. ஃபிரேம் எடுப்பது

கணினியில் செய்யுங்கள். ஃபிரேம் என்பது வீடியோவில் உள்ள ஒரு தனிப் படம். வீடியோ பிளேயர் விஷயத்தில் என் ஓட்டு எம்பிவிக்கு (mpv). விஎல்சியில் 'ஈ' பட்டன் ஒவ்வொரு ஃபிரேமாக முன்னே நகர்த்தும், ஆனால் அதேபோல் பின்னால் வர வழியில்லை; ஒரு ஃபிரேமைத் தவறவிட்டால் சில நொடி பின்னால் போய் மறுபடி ஓட்ட வேண்டும். எம்பிவியில் முற்றுப்புள்ளி முன்னே, காற்புள்ளி பின்னே, 'எஸ்' அடித்தால் படம் சேமிக்கும். யூடியூபிலும் நிறுத்தி வைத்துக்கொண்டு இதே இரண்டு பட்டன்கள் வேலை செய்யும். தரத்தைத் தானியங்கியில் விடாமல் 1080க்குக் கையால் மாற்றுங்கள்.

டிவி ஒளிபரப்பில் பதிவு செய்த கோப்பு என்றால் ஓரங்களில் சீப்புப் பல்போலக் கோடுகள் தெரியும். எம்பிவியில் 'டி' பட்டன் அதைச் சரிசெய்யும். இது இல்லாமல் புரொப்பல்லரின் பிளேடு எண்ண உட்காராதீர்கள்.

2. ஷாட்களைப் பிரிப்பது

மேலெழும் காட்சி ஒரு விமானம், ரேம்ப் இன்னொன்று, உள்ளே மூன்றாவது என்று எடிட்டிங்கில் ஒட்டியிருப்பது சகஜம். வெளி, ரேம்ப், உட்புறம் என்று மூன்று வரிசை போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விடை எழுதுங்கள். ஒன்றில் கண்டதை மற்றதற்குக் கடன் கொடுக்கக் கூடாது.

இந்த இடத்திலேயே படம் இடவலம் மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நிகழ்ச்சி காரைப் பற்றியது என்பதால் நம்பர் பிளேட் எங்காவது மாட்டும். எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறியிருந்தால் ஷாட்டைத் திருப்பியிருக்கிறார்கள். நான்காவது படியில் இது கைகொடுக்கும்.

3. உருவம், சக்கரம்

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் லாரியைச் சக்கரத்தை எண்ணித்தானே சொல்கிறோம், பத்துச் சக்கரம், பன்னிரண்டு சக்கரம் என்று? இங்கேயும் அதே பழக்கம் போதும்.

சி-130 ஹெர்குலிஸ்: நான்கு புரொப்பல்லர், சாதாரண வால், மொத்தம் 6 சக்கரம். ஏ400எம்: நான்கு புரொப்பல்லர், ஆங்கில டி எழுத்து போன்ற வால், 14 சக்கரம். சி-17: நான்கு ஜெட், டி வால், இறக்கை நுனி மேல்நோக்கி மடங்கியிருக்கும், இதற்கும் 14. ஐஎல்-76: நான்கு ஜெட், டி வால், மூக்கின் கீழே கண்ணாடி அறை, 20 சக்கரம், முன்சக்கரமே நான்கு, ஒரே வரிசையில். ஏஎன்-12: ஹெர்குலிஸை நினைவூட்டும், ஆனால் மூக்கில் கண்ணாடி, வாலில் துப்பாக்கிக் கூண்டு. ஏஎன்-32: இரண்டே புரொப்பல்லர், எஞ்சின்கள் இறக்கைக்கு மேலே தூக்கி வைக்கப்பட்டிருக்கும்.

ஏஎன்-32ஐ நேரில் பார்ப்பது நம் பக்கத்தவர்களுக்குப் பெரிய காரியமில்லை. நம் விமானப்படையின் சரக்கு விமான பைலட்டுகளுக்குப் பெங்களூருக்கு வடக்கே எலகங்காவில்தான் பயிற்சி. அங்கேயே ஒற்றைப்படை ஆண்டுகளில் பிப்ரவரி வாக்கில் ஏரோ இந்தியா கண்காட்சி நடக்கும். ஓசூரில் இருப்பவர்கள் காலையில் கிளம்பினால் பெங்களூரைக் கடந்து போய், பொதுமக்கள் நாளில் சுற்றிப் பார்த்து, இரவுக்குள் வீடு திரும்பலாம். ரேம்ப் எப்படித் திறக்கிறது என்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் பிறகு திரையில் குழப்பமே வராது.

ரேம்ப் வித்தியாசம் இதுதான்: சி-130, சி-17 இரண்டிலும் கீழ்ப்பலகை கீழே இறங்கும், மேல்கதவு உள்ளே மேலேறும். ஐஎல்-76இல் ரேம்ப்புக்கு இருபுறமும் இரண்டு கதவுகள் பக்கவாட்டில் விரியும். ஏஎன்-32இன் ரேம்ப் விமானத்தின் வயிற்றுக்கடியில் நழுவிப் போய்விடும். பின்புறம் வெறும் ஓட்டையாக நிற்கும்.

4. பிளேடு எண்ணுவது

பலரும் சறுக்கும் இடம். ஹெர்குலிஸ் என்று தெரிந்த பிறகும் பழைய சி-130எச்சா, புதிய சி-130ஜேயா என்ற கேள்வி மிச்சமிருக்கும். எச் ரகத்தில் ஒரு புரொப்பல்லருக்கு நான்கு பிளேடு, நேரானவை. ஜே ரகத்தில் ஆறு, வளைந்தவை. நின்றிருக்கும்போது எண்ணிவிடலாம், அதனால் கார் ஏற்றும் காட்சியை முதலில் தேடுங்கள்.

பறக்கும் காட்சி மட்டும்தான் இருக்கிறது என்றால் கணக்கு போடலாம். இரண்டு ரகத்திலும் புரொப்பல்லர் பறக்கும்போது நிமிடத்துக்குச் சுமார் 1020 சுற்று, அதாவது நொடிக்கு 17. பிரிட்டிஷ் டிவி நொடிக்கு 25 ஃபிரேம். ஆக ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 244.8 டிகிரி சுற்றிவிடும். ஆறு பிளேடு இருந்தால் 60 டிகிரிக்கு ஒருமுறை அதே தோற்றம் வரும்; 240 போக மிச்சம் 4.8 டிகிரி. கண்ணுக்குப் புரொப்பல்லர் சோம்பலாக முன்னோக்கி நகரும், ஒரு பிளேடு அடுத்த பிளேடின் இடத்துக்கு வர அரை நொடி எடுக்கும். நான்கு பிளேடு இருந்தால் 90 டிகிரிக்கு ஒருமுறை, 270க்கு 25.2 குறைகிறது, எனவே பின்னோக்கிச் சுற்றுவதுபோலத் தெரியும்.

முன்னோக்கி எது? ஹெர்குலிஸின் நான்கு புரொப்பல்லர்களும் வாலிலிருந்து பார்த்தால் வலஞ்சுழி. முன்னாலிருந்து எடுத்த ஷாட்டில் இடஞ்சுழி. ஷாட்டைத் திருப்பியிருந்தால் இது அப்படியே மாறிவிடும், அதற்குத்தான் நம்பர் பிளேட்டைப் பார்க்கச் சொன்னது.

இந்தக் கணக்கு 30 ஃபிரேம் வீடியோவில் செல்லாது. ஒரு ஃபிரேமுக்கு 204 டிகிரி. ஆறு பிளேடுக்கும் 24 மிச்சம், நான்கு பிளேடுக்கும் 24 மிச்சம். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுவதாகத் தெரியும். அமெரிக்க நிகழ்ச்சிகள், மறுபதிவேற்றங்கள் பலவும் 30தான். எம்பிவியில் 'ஐ' அழுத்தினால் ஃபிரேம் வேகத்தைக் காட்டும். 25ஐ 30ஆக மாற்றிய கோப்பில் ஐந்து ஃபிரேமுக்கு ஒன்று இரட்டிப்பாக வரும், அதையும் கவனித்துக் கழிக்க வேண்டும். தரையில் சுழற்சி குறைவாக இருக்கலாம் என்பதால் ஓடுபாதைக் காட்சிக்கும் இந்தக் கணக்கைப் போடாதீர்கள்.

காருக்குள் ஒட்டிவைக்கும் சிறு கேமராக்கள் படத்தை வரிவரியாகப் பதிவதால் நேரான பிளேடும் வளைந்து தெரியும். வளைவை வைத்து ஜே என்று முடிவெடுக்காதீர்கள். பிளேடின் அடிப்பகுதி நடுக்கூம்போடு சேரும் இடத்தில் மட்டும் எண்ணுங்கள்.

விமானச் சத்தத்தை நம்பவே வேண்டாம். அது நூலகத்திலிருந்து எடுத்து ஒட்டியதாக இருக்கலாம்.

5. காரையே அளவுகோலாக வைப்பது

உட்புறக் காட்சிக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. கண்ணாடி நீங்கலாகக் காரின் அகலம்: பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 1.79 மீ, 2020க்குப் பிந்தைய தார் 1.82 மீ, மாருதி ஜிப்ஸி 1.54 மீ. சரக்கு அறையின் அகலம்: சி-130 3.12 மீ, ஐஎல்-76 3.45 மீ, ஏ400எம் 4 மீ, சி-17 5.5 மீ.

டிஃபெண்டர் 410 பிக்சல், அறை 715 பிக்சல் என்றால் 715ஐ 410ஆல் வகுத்து 1.79ஆல் பெருக்குங்கள்: 3.12. ஹெர்குலிஸ். அறையின் அகலத்தை டயர் தரையைத் தொடும் கோட்டிலேயே அளக்க வேண்டும். கார் முன்னால் நிற்க, சுவரை ஆழத்தில் அளந்தால் அறை சின்னதாகிவிடும், ஐஎல்-76கூட ஹெர்குலிஸாக மாறிவிடும். இரண்டுக்கும் வித்தியாசமே 33 செ.மீ.தான். அகலக் கோண லென்ஸ் என்றால் ஓரங்கள் வளையும்; கார் படத்தின் நடுவில் இருக்கும் ஃபிரேமைத் தேர்ந்தெடுங்கள்.

அகலம் தெரியாத கார் என்றால் தரையில் அலுமினியச் சரக்குத் தட்டு இருக்கிறதா பாருங்கள். அமெரிக்க ராணுவத் தட்டு 2.74 மீட்டருக்கு 2.24 மீட்டர், எல்லா இடத்திலும் ஒரே அளவு.

6. எண்ணும் ஆண்டும்

விமானத்தின் மேல் எழுதியிருக்கும் எண்ணைத் தேடுங்கள். பிரிட்டிஷ் சி-130ஜேயில் இசட்எச்865 முதல் 879 வரை நீள ரகம், 880 முதல் 889 வரை குட்டை. எண் தெரியாவிட்டால் முன்கதவுக்கும் புரொப்பல்லருக்கும் இடையில் உள்ள இடைவெளியைப் பாருங்கள்; நீள ரகத்தில் அங்கேயே இரண்டரை மீட்டர் கூடுதல். அமெரிக்க வாலில் ஐந்து இலக்கம், முதல் இலக்கம் ஆர்டர் ஆண்டின் கடைசி இலக்கம். 7 என்றால் 1997ஆகவும் இருக்கலாம், 2007ஆகவும் இருக்கலாம். இந்திய விமானப்படையின் சி-17கள் சிபி 8001இலிருந்து, சி-130ஜேக்கள் கேசி 3801இலிருந்து.

பிறகு ஆண்டைச் சரிபாருங்கள். ஏ400எம் முதலில் பறந்ததே 2009 டிசம்பரில். 2006 நிகழ்ச்சியில் அதைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தால் மூன்றாவது படிக்குத் திரும்புங்கள். பிரிட்டிஷ் விமானப்படை ஹெர்குலிஸுக்கு 2023இல் ஓய்வு கொடுத்துவிட்டது, அதற்குப் பிந்தைய படப்பிடிப்பில் பிரிட்டிஷ் ஹெர்குலிஸ் பறந்தால் அது பழைய காட்சி.

சேர்க்கை: பிரிட்டிஷ் கார் நிகழ்ச்சியான டாப் கியரின் ஓடுதளத்தில் தெரியும் பெரிய விமானம் எது என்று பலர் கேட்கிறார்கள். அந்த ஓடுதளம் இருந்த டன்ஸ்ஃபோல்டில் நின்றது போயிங் 747, பயணிகள் விமானம். ராணுவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இன்னொரு சேர்க்கை: எட்டு பிளேடு என்றாலே ஏ400எம் என்று எழுதி அனுப்புகிறார்கள். அமெரிக்காவில் பழைய சி-130எச்களுக்கும் எட்டு பிளேடு மாற்றியிருக்கிறார்கள். வாலைப் பாருங்கள்: டி வடிவம் இல்லையென்றால் அது ஹெர்குலிஸ்தான். ஏ400எம்மில் ஒரே இறக்கையில் இருக்கும் இரண்டு புரொப்பல்லர்களும் எதிரெதிராகச் சுற்றும். ஹெர்குலிஸில் அப்படி இல்லை.

கடைசியாக வந்த கேள்வி: ஓடிடி ஆப்பில் ஸ்கிரீன்ஷாட் கறுப்பாக வருகிறது. அது பூட்டு, உடைக்க முயல வேண்டாம். டிவியில் நிறுத்தி, ஃபோனை ஸ்டாண்டில் நேராக வைத்துப் படமெடுங்கள். சாய்ந்து எடுத்தால் ஐந்தாம் படியின் அளவு கெட்டுவிடும். சக்கரம் எண்ண அது தாராளமாகப் போதும்.