டிராவல் பக் தொலையாமல் பயணம் செய்ய: சேலத்திலும் ஏற்காட்டிலும் புதிதாகத் தொடங்குவோருக்கு

ஜிபிஎஸ் உதவியுடன் ஒளித்துவைத்த பெட்டிகளைத் தேடும் ஜியோகேஷிங் விளையாட்டில், பெட்டிக்குப் பெட்டி கைமாறிப் பயணம் செய்யும் பொருள்களை டிராக்கபிள் என்கிறோம். அவற்றில் பரவலானது டிராவல் பக் எனப்படும் உலோகத் தகடு. நாணய வடிவில் வருவது ஜியோகாயின். ஏற்காட்டில் நீங்கள் விட்ட தகடு, சுற்றுலா வந்த ஒருவரின் பையில் ஏறி ஜெர்மனி வரை போய்ச் சேரலாம். முதல் பெட்டியிலேயே காணாமலும் போகலாம். திருட்டைவிட, பெட்டி சரியில்லாததும் எடுத்தவர் geocaching.com தளத்தில் பதிவு செய்ய மறப்பதுமே இதற்குப் பெரும்பாலும் காரணம் என்பது என் கணிப்பு. ஆகவே பாதுகாப்பு வேலையில் பெரும்பகுதியைப் பொருள் கையைவிட்டுப் போகும் முன்பே முடித்துவிட வேண்டும்.

1. குறியீட்டைக் காப்பாற்றுங்கள்

ஒவ்வொரு டிராக்கபிளுக்கும் இரண்டு எண்கள் உண்டு. 'டிபி' (TB) என்ற எழுத்துகளில் தொடங்குவது பொது எண். அதை யாரும் பார்க்கலாம். பொருளின்மேல் பொறித்திருப்பது ரகசியக் குறியீடு. அது தெரிந்தவரால்தான் பொருளை எடுத்ததாகவோ பார்த்ததாகவோ பதிய முடியும். அந்தக் குறியீடு தெரியும்படி படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால், பொருளைக் கண்ணால்கூடக் காணாத ஒருவர் அது தன்னிடம் இருப்பதாகப் பதிந்துவிட முடியும். பொருள் சேலத்தில் கிடக்க, தளத்தில் அதற்குரிய பக்கம் வேறொரு நாட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். குறியீட்டை உங்கள் நோட்டில் எழுதிக்கொண்டு, தளத்தில் பொருளைச் செயல்படுத்திய பிறகே வெளியே அனுப்புங்கள்.

டிராவல் பக் வாங்கினால் ஒரே குறியீட்டுடன் இரண்டு தகடுகள் வரும். ஒன்று வீட்டிலேயே இருக்கட்டும். ஜியோகாயினுக்கு இப்படி இணை பெரும்பாலும் கிடையாது; பார்க்க அழகாகவும் இருப்பதால் எடுத்தவருக்குத் திருப்பி வைக்க மனம் வருவதில்லை. எனவே அசலைப் பீரோவில் வைத்துவிட்டு, அதன் படத்தையும் குறியீட்டையும் அச்சிட்ட நகல் அட்டையைப் பயணம் அனுப்புவதே நல்லது.

2. கட்டுவதும் எழுதுவதும்

தகட்டுடன் வரும், சிறு உருண்டைகள் கோத்த சங்கிலி ஓர் இழுப்பில் கழன்றுவிடும். அதற்குப் பதிலாக, இரண்டு சுற்றுள்ள எஃகுச் சாவி வளையத்தைப் போடுங்கள். தகட்டோடு கோக்கும் பொருள் சிறியதாக, விலை குறைந்ததாக இருக்கட்டும்; பளபளக்கும் பொம்மையைக் கட்டினால், தற்செயலாகப் பெட்டியைத் திறக்கும் குழந்தை அதை விடாது.

கூடவே ஒரு குறிப்பு அட்டை வேண்டும். 'இது பயணம் செய்யும் பொருள். எடுப்பவர் இன்னொரு ஜியோகேஷ் பெட்டியில் வைக்கவும். இயலாதெனில் இங்கேயே விட்டுவிடவும்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஏற்காட்டில் பெட்டியைத் தற்செயலாகக் காண்பவர் காபித் தோட்டத்தில் வேலை செய்பவராகவும் இருக்கலாம் என்பதால், தமிழ் வரிகளை விட்டுவிடக் கூடாது. ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் செய்தபின், காகிதத்தின் விளிம்போடு ஒட்ட வெட்டாமல் சுற்றிலும் விரற்கடை அளவு பிளாஸ்டிக்கை விட்டு வெட்டி, துளையையும் அந்த ஓரத்திலேயே போடுங்கள். காகிதத்தில் துளை போட்டால் அதன் வழியே ஈரம் ஏறி, மலைப் பனியில் எழுத்து கரைந்துவிடும்.

3. பெட்டியைத் தேர்ந்தெடுத்தல்

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். பிலிம் சுருள் டப்பா அளவிலான மைக்ரோ பெட்டிகளில் டிராக்கபிள் நுழையாது. நுழைத்தாலும் மூடி இறுகாது. நடுத்தர அளவுப் பெட்டியாகப் பாருங்கள். தளத்தில் அதற்குரிய பக்கத்திலுள்ள கடைசி ஐந்தாறு பதிவுகளைப் படித்து, தேடியவர்கள் 'கிடைக்கவில்லை' என்றோ 'உள்ளே தண்ணீர்' என்றோ எழுதியிருந்தால், எவ்வளவு அழகான இடமாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ஏற்காட்டுக்கு இரண்டு தனிச் சிக்கல்கள் உண்டு. ஒன்று குரங்கு: கொண்டை ஊசி வளைவுகளிலும் காட்சிமுனைகளிலும் பயணிகள் தரும் தின்பண்டத்துக்குப் பழகிய குரங்குகள், கையில் கிடைக்கும் டப்பாவையெல்லாம் பிரித்துப் பார்க்கும். நான்கு பக்கமும் கொக்கி பூட்டும் பெட்டியே அவற்றுக்குச் சற்றேனும் ஈடுகொடுக்கும். மிட்டாயோ வாசனைப் பொருளோ உள்ளே இருக்கவே கூடாது. மற்றொன்று கூட்டம்: கோடைவிழா நடக்கும் மே மாதத்தில் ஏரிக்கரையிலும் லேடீஸ் சீட் காட்சிமுனையிலும் யார் கண்ணிலும் படாமல் பெட்டியைத் திறக்க முடியாது, அந்த நாள்களில் பொருளைக் கீழே சேலத்துப் பெட்டி ஒன்றில் வையுங்கள். காட்டெருமை நடமாடும் தோட்ட ஓரங்களுக்கு அந்தி நேரத்தில் போகவேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

4. வைத்த அன்றே பதிவு

பெட்டியைக் கண்டுபிடித்ததாகப் பதியும்போது, உங்களிடமுள்ள டிராக்கபிள்களின் பட்டியலும் வரும். வெறுமனே 'வந்து போனது' என்று குறித்தால் பொருள் உங்கள் பெயரிலேயே நிற்கும். 'இங்கே வைத்தேன்' என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் பெட்டியின் கணக்கில் சேரும். மலையில் சிக்னல் கிடைக்காவிட்டால், அடிவாரம் இறங்கியதும் முதல் வேலையாக இதை முடியுங்கள். பிறருடைய பொருளை நீங்கள் எடுத்தாலும் இதே ஒழுங்குதான். இரண்டு வாரத்துக்குள் அடுத்த பெட்டியில் வைப்பது வழக்கம், தாமதமானால் உரிமையாளருக்கு ஒரு வரி எழுதுங்கள்.

5. சத்தமில்லாமல் போனால்

கடைசியாக எடுத்தவருக்குத் தனிச்செய்தியில் பணிவாகக் கேளுங்கள். பொருள் பெட்டியில் இருப்பதாகப் பக்கம் காட்டி, வந்தவர்களோ உள்ளே இல்லை என்று எழுதினால், உரிமையாளராகிய நீங்களே 'காணவில்லை' என்று குறிக்கலாம். பெட்டியை ஒளித்துவைத்தவருக்கும் அந்த வசதி உண்டு. அவ்வாறு குறித்தாலும் குறியீடு செத்துவிடுவதில்லை. பின்னொரு நாளில் கண்டெடுப்பவர் அதே குறியீட்டால் மீண்டும் பதிய முடியும். அதனால், வீட்டிலிருக்கும் இணைத் தகட்டை உடனே அனுப்பி ஒரே குறியீட்டில் இரண்டு பொருள்கள் அலையும் குழப்பத்தை உண்டாக்காமல், சில மாதங்கள் பொறுத்துப் பார்த்தபின் அனுப்புங்கள்.